வரம்பென்று நினைத்த வலை

நெல்லியடிச் சந்தியில் தும்புத்தடியோடு நின்றுகொண்டிருந்தேன். வீடு கூட்டுகிற தும்புத்தடி, அம்மா வாங்கி வரச் சொன்னது. மழை வரப் பார்க்கிற ஒரு பின்னேரம். வடை சுடுகிற எண்ணெய் மணமும் பஸ் புகையும் எங்கோ நனையத் தொடங்கிவிட்ட மண்ணின் மணமும் கலந்து வந்தன.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பஸ் ஒன்று சந்தியில் நின்றது. நடத்துனர் தலையை வெளியே நீட்டி, "இதோடை சரி. எல்லாரும் இறங்கி, பின்னாலை வாறதிலை போங்கோ" என்றார். என்ன பழுது என்று அவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

இறங்கியவர்களில் இரண்டு பேர் வெளியூர் ஆட்கள். வயதான கணவன், மனைவி. ஐயாவின் கழுத்தில் தூரநோக்கி தொங்கியது. கூட வந்த அம்மா பூப்போட்ட துணித் தொப்பி போட்டிருந்தா. ஐயா நேராக ஓட்டோத் தரிப்பிடத்துக்கு வந்து, முதலாவதாக நின்ற ஓட்டோக்காரரிடம் கேட்டார்.

"இந்த ஊர்ல பார்க்கிறதுக்கு என்னங்க இருக்கு?"

அந்த ஓட்டோக்காரர் கஜன் அண்ணை. எங்கள் ஒழுங்கையில் இருப்பவர். வலிய வந்த ஓட்டத்தை இப்படித் தள்ளிவிடுகிற ஓட்டோக்காரர் இலங்கையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"இஞ்சையோ? இஞ்சை ஒண்டும் இல்லை ஐயா. பருத்தித்துறைக்குப் போங்கோ. இல்லாட்டி வந்த பக்கத்துக்கே திரும்பிப் போங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாள் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஏனோ பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் இல்லை? மூண்டு நாள் நிண்டால்தான் எல்லாம் பாத்து முடிக்கலாம்" என்றேன்.

மூன்று நாள் என்ற கணக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"மூணு நாளா? என்னென்னம்மா?" என்று அந்த அம்மா ஆசையாகக் கிட்ட வந்தா. நான் தும்புத்தடியால் திசைகளைக் காட்டினேன். கிழக்கே மணற்காடு: பாலைவனம் மாதிரி மணற்குன்றுகள், மணலில் புதைந்த பழைய தேவாலயம். மேற்கே தொண்டைமானாற்றுப் பக்கம்: நீரேரி, பூநாரைகள். நடுவில் கரவெட்டியைச் சுற்றி: கல் கேணிகள், சுமைதாங்கிகள், மாடு முதுகு தேய்க்க நட்ட கற்கள். எல்லாமே இந்தச் சந்தியில் இருந்து அரை மணித்தியாலத்துக்குள்.

சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றுமில்லாத இந்தச் சந்தி எல்லாவற்றுக்கும் நடுவில் அல்லவா இருக்கிறது! இங்கே தங்கிக்கொண்டு காலையில் ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம் என்று போய் வரலாமே.

கஜன் அண்ணை ஓட்டோவுக்குள் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ உதெல்லாம் பாத்தனியே?"

மூன்றில் ஒன்றைப் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸின் யன்னலால்.

முழுப் புள்ளி வாங்கிய மணற்குன்று

போன வாரம் இந்தப் பத்தியில், பட்டம் எடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "சும்மா இருக்கிறவர்கள் ஊர் சுற்றாமல் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஐயா, பத்துக்கு மேல் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வராத இடைவெளியில்தான் இந்தச் சம்பவம் நடந்தது.

வடமராட்சிப் பிள்ளைகளுக்கு நெல்லியடி என்றால் ரியூசன். எங்கள் உலகத்தின் வரைபடத்தில் வீடு, பள்ளிக்கூடம், ரியூசன் கொட்டில், இடையில் ஒரு ரோல்ஸ் கடை, அவ்வளவுதான் இருந்தன. சாதாரணதரப் பரீட்சையில் மணற்குன்றுகள் எப்படி உருவாகின்றன என்று கேட்டார்கள். நான் படம் கீறி, காற்று வீசுகிற திசைக்கு அம்புக்குறியும் போட்டு எழுதினேன். அந்தக் குன்று என் சைக்கிளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையில் அதே குன்றுகளைத் திரையில் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த கண்டிப் பிள்ளை, "இது உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்றாள். "ஓம், எங்கடை ஊர்தான்" என்றேன், ஏதோ நானே மணலைக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு வந்த மாதிரி.

ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். சின்ன வயதில் சண்டை, போகவே முடியாது. பிறகு கண்ணிவெடிப் பலகைகள் நின்றன. பிறகு பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் போகவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு அலுவலும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாடி அறைகள்

அந்தப் பின்னேரம் அவர்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். ஐயா மாரிமுத்து சேர், அம்மா புஷ்பம் ரீச்சர். இரண்டு பேரும் அட்டனில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். தேயிலை மலைகளில் பறவை பார்க்கிற ஒரு சிறிய கூட்டம் அவர்களிடம் இருந்தது. மாசி மாதம் இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். "நீங்க ஒரு திட்டம் போட்டு அனுப்புங்கம்மா" என்றா ரீச்சர்.

தங்க இடம் வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் அக்காவின் கல்யாணத்துக்கென்று கட்டிய இரண்டு அறைகள் இருக்கின்றன. அக்கா நோர்வேக்குப் போனபிறகு அங்கே வெங்காயம்தான் குடியிருந்தது. அப்பா தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது முழுநேரத் தோட்டக்காரர்.

"தெரியாத ஆக்களை வீட்டிலை வைக்கிறதோ?" என்றார் அப்பா.

"படிப்பிச்ச ஆக்கள் அப்பா. உங்களோடை இருந்து தேத்தண்ணி குடிச்சவைதானே."

"அது குடிச்சவை. இது படுக்கிறது."

"வெங்காயம் படுக்கலாம், வாத்தியார்மார் படுக்கக் கூடாதோ?"

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதிச் சம்மதம். மீதிப் பாதியை அம்மா வாங்கித் தந்தா.

அடுத்த நாளே ஒரு பெரிய கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் மணல், தண்ணீர், கல் என்று மூன்று வட்டம் கீறினேன். நடுவில் எங்கள் வீடு. ஒத்திகைக்குக் கஜன் அண்ணையைப் பிடித்தேன். "ஒண்டும் இல்லாத ஊரைச் சுத்திப் பாக்கக் கூலி கேக்கிறது பாவம்" என்று சொல்லி எண்ணெய்க்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மணற்காட்டில் தேவாலயத்தின் சுவர்கள் தோள்மட்டும் மணலுக்குள் நின்றன. கூரை இல்லை. சவுக்கு மரங்களுக்குள்ளால் வருகிற காற்று கடலைப் போலவே இரைந்தது. கஜன் அண்ணை வாசற்படி இருந்திருக்கக் கூடிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "நீங்கள் சைவமல்லோ?" என்றேன். "மணல் சுடுது, வா கெதியா" என்றார். சுடுகிற மணலில் ஏன் செருப்பைக் கழற்றினார் என்று கேட்டேன். அவர் சுவரோரம் நடந்து போய்விட்டார்.

கற்களையும் பார்த்து முடித்தோம். தண்ணீரை மட்டும் தெருவில் இருந்தே பார்த்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி, நீரேரிக்கு நடுவே ஒரு மண்திட்டி. அதில் பூநாரைகள் வெளிர் சிவப்புக் கோடாக நின்றன. கரையில் இருந்து திட்டி வரைக்கும் தண்ணீருக்குள் வரிசையாகத் தடிகள் நட்டிருந்தன. தடிகளின் நுனியில் வெள்ளைப் பொலித்தீன் துண்டுகள் காற்றில் ஆடின.

எங்கள் வயலில் மாரிவெள்ளம் வரம்பை மூடினால், வரம்பு எங்கே போகிறது என்று தெரிவதற்காக இப்படித்தான் தடி நட்டுப் பொலித்தீன் கட்டிவிடுவோம். தடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கால் வழுக்காது. நான் கொப்பியைத் திறந்து, தண்ணீர் என்ற வட்டத்துக்குள் எழுதினேன்: "திட்டிக்குப் போக வழி குறித்திருக்கிறார்கள். முழங்கால் அளவுதான்."

பூநாரைகள் எழும்பிய காலை

மாசியில் எட்டுப் பேரும் வந்தார்கள். முதல் நாள் மணல். எல்லாம் நன்றாக நடந்தது. புஷ்பம் ரீச்சர் குன்றின் உச்சியில் இருந்து சின்னப் பிள்ளை மாதிரிச் சறுக்கி இறங்கினா. நான் உலகத்தை வென்ற மாதிரி நித்திரைக்குப் போனேன்.

இரண்டாம் நாள் விடியும்போது நீரேரிக் கரையில் நின்றோம். கஜன் அண்ணை ஓட்டோவுக்குள் துவாயால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். தண்ணீர் குளிர்ந்தது. அடியில் சேறு மெத்தை மாதிரி மிதிபட்டது. நான் முன்னால், எட்டுப் பேர் பின்னால், தடிகளைப் பிடித்துப் பிடித்துப் போனோம்.

தடிகளுக்கு இடையில் வலை இருந்தது. பழைய வலையை யாரோ வேலியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திட்டிக்குக் கிட்டவாகத் தடிகள் வளைந்து ஒரு வட்டமாகி, வழியை மறித்தன.

"பழைய வலைதான். தூக்கிப்போட்டு வாங்கோ" என்றேன்.

மாரிமுத்து சேர் ஒழுங்கான மனிதர். எதையும் அறுக்காமல், முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, வலையைச் சுருட்டித் தடியில் மாட்டிவிட்டு எல்லோருக்கும் வழிவிட்டார். காலில் ஏதோ பொலுபொலுவென்று இடித்துக்கொண்டு ஓடியது. ஒரு அம்மா கூசிச் சிரித்தா. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு பூநாரைகள் எழும்பின. இறகைப் போர்த்துக்கொண்டு நின்றவரை வெளிர் சிவப்பு. இறகு விரிந்ததும் உள்ளே அப்படி ஒரு சிவப்பு! புஷ்பம் ரீச்சர் தூரநோக்கியைக் கீழே விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்து அழுதா.

நானும் அழுதிருப்பேன். அதற்குள் ஒரு குரல் கேட்டது.

"ஆர் உங்களை உதாலை வரச்சொன்னது?"

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு கூடையோடு தண்ணீருக்குள் நின்றார். பெயர் யோகன் என்று பிறகு தெரிந்தது.

"நான்தான் அண்ணை. வழியெண்டு நினைச்சு..."

அவர் கத்தவில்லை. தடிகள் வளைந்திருந்த வட்டத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரேயொரு நண்டு வந்தது.

"இது ஒண்டுதான் நிக்குது. இதுக்குக் கால் ஏலாதாக்கும்."

மாரிமுத்து சேர் முன்னால் வந்தார். "ஐயா, மன்னிச்சுக்கங்க. நான்தாங்க அவிழ்த்தேன்."

யோகன் அண்ணை தடியில் மாட்டியிருந்த வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவாத்தான் சுருட்டியிருக்கிறியள். நானே உப்பிடிச் சுருட்டமாட்டன்."

அது களங்கட்டி வலை. தடி வேலியை ஒட்டிக்கொண்டு வருகிற இறால், கடைசியில் அந்த வட்டத்துக்குள் போய்த் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். விடிய வந்து அள்ளுவார்கள். தொண்டைமானாற்றில் இருந்து சில மைல் தூரத்தில் பிறந்து, புவியியல் சிறப்புப் பட்டமும் எடுத்த எனக்கு, அந்த விடியலில்தான் இது தெரியவந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இழப்பைத் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"என்னட்டைக் கேக்காதை தங்கச்சி. இது என்ரை வலை. ஆனா பாடு என்ரை இல்லை, மீன்பிடிச் சங்கத்தின்ரை. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கு வந்து சொல்லு."

"சங்கம் என்ன சொல்லும்?"

"இனி ஆத்துக்கை கால் வைக்காதை எண்டும் சொல்லலாம்." நீரேரியைத்தான் அவர்கள் ஆறு என்பார்கள்.

திரும்பி வரும் வழியில் எல்லோரும் பூநாரையைப் பற்றியே கதைத்தார்கள். அது என் வாழ்க்கையின் நல்ல காலையா கெட்ட காலையா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இல்லையென்றால் என் மூன்று வட்டத்தில் இரண்டுதான் மிஞ்சும். மணலையும் கல்லையும் பார்க்க மட்டும் யாரும் அட்டனில் இருந்து வரப்போவதில்லை.

வாடியில்

அட்டன்காரர் போனபிறகு வந்த ஞாயிறு, கஜன் அண்ணையோடு போனேன். கரையில் கிடுகு வேய்ந்த கொட்டில், அதுதான் வாடி. இருபது பேர் வரை இருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை தந்தார்கள். மற்றவர்கள் மணலில் இருந்தார்கள். எழும்பவும் கூச்சம், இருக்கவும் கூச்சம்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். வயல், வரம்பு, பொலித்தீன் எல்லாவற்றையும்.

 பிறகு ஒருவர், "அப்ப நாங்கள் உங்கடை வயலுக்கை வந்து, வரம்பை வலையெண்டு நினைச்சுத் தூக்கிப் பாக்கலாமோ?" என்றார். வாடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். முடிந்தது, தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் யோகன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா எழும்பினா. நல்ல உயரம். கையில் வெறும் தண்ணீர்க் கலன் ஒன்று இருந்தது. கூட்டம் முடிந்தவுடன் எங்கேயோ தண்ணீருக்குப் போகிற அவசரம் போல.

"சிரிச்சது காணும். பிள்ளைக்குப் பாடு எண்டால் என்னெண்டு தெரியுமே?"

தெரியாது என்றேன்.

நீரேரியில் இறால் கூடிவருகிற இடங்கள்தான் பாடு; அவை சிலதான் உண்டு. அந்த இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்தத் திட்டிப் பாடு யோகன் அண்ணைக்கு விழுந்தது அந்த மாரியில் ஒரே ஒரு முறைதான். அதைத்தான் நான் எட்டுப் பேரோடு நடந்து முடித்திருக்கிறேன். சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவருடைய பாட்டை இன்னொருவர் குழப்பினால், குழப்பியவர் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். காசில்லை. முறைக்கு முறை.

"நீ எங்கடை முறையைக் குழப்பினனி. உங்களிட்டை என்ன முறை இருக்கு?" என்றா வசந்தி அக்கா.

"எங்களிட்டைப் பாடு ஒண்டும் இல்லை அக்கா. வயலும் தோட்டமும் கிணறும்தான்."

"பங்குக் கிணறோ?"

"ஓம். நாலு நாளைக்கு ஒருக்கா எங்கடை இறைப்பு முறை வரும்."

அவ சங்கத் தலைவரைப் பார்த்தா. தலைவர் மணலைப் பார்த்தார்.

"அப்ப அந்த முறையிலை ஒண்டைத் தாங்கோ. எங்கடை கிணறுகள் உவர். தண்ணி பவுசர் லொறி வந்தால்தான் குடிக்கிறம்."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. "ஓம் அக்கா! தண்ணி ராங்கியிலை நிரப்பி நாங்களே கொண்டு வந்து தாறம்!"

"கொண்டு வரவேண்டாம்" என்றா. "நாங்கள் வந்து அள்ளுவம். உங்கடை கிணத்திலை, உங்கடை முறையிலை, எங்கடை கையாலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு கிழவர் மெல்ல, "வசந்தி, உதை விடன்" என்றார்.

"ஏன் விட? பெட்டை எங்கடை ஆத்துக்கை நடக்கலாமெண்டால் நாங்கள் அவையின்ரை கிணத்தடியிலை நடக்கக் கூடாதோ? அள்ளினால் பிறகு ஆத்துக்கை வரட்டும். நானே முன்னுக்கு நிண்டு வழி காட்டுறன்."

"ஓம் அக்கா, வாங்கோ" என்றேன். நான் எதற்கும் யோசிக்காமல் ஓம் சொல்கிற ஆள்.

தெருவுக்கு ஏறி வளைவு தாண்டியதும் கஜன் அண்ணை ஓட்டோவை மெதுவாக்கினார். பிறகு, "அப்பாவைக் கேட்டனியே?" என்றார்.

"தண்ணிதானே அண்ணை."

"தண்ணிதான்" என்றார் கஜன் அண்ணை.

நாங்கள் கதைக்காத விசயம்

இதைச் சுற்றி வளைத்து எழுதப் பார்த்தேன், வரவில்லை. நேராகவே எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று ஊற்றச் சொல்லி வாங்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சாதி பார்த்து வைத்திருந்தார்கள். அது என் காலத்துக்கு முந்தியது, முடிந்துபோன கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிணற்றடியில் எந்தப் பலகையும் இல்லை. யாரும் யாரையும் தடுத்து நான் பார்த்ததும் இல்லை.

ஆனால் வேறு யாரும் வந்து அள்ளி நான் பார்த்திருக்கிறேனா? இந்தக் கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. அந்த வாடியில் கதைக்கும் வரை, அந்தக் கரையில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாமல் இருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா கையில் இருந்த வெங்காயத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் முத்துற நேரம்" என்றார்.

"ஒரு முறைதானே அப்பா."

"ஒரு முறை எண்டால் எட்டு நாள் தண்ணியில்லாமல் நிக்கும்."

அது உண்மையான காரணம்தான். மாசி வெயிலில் எட்டு நாள் என்பது விளையாட்டு இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. 

அடுத்த நாள் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணை. கிணற்றில் இன்னொரு பங்கு அவருடையது. கதை எப்படியோ அவருக்குப் போய்விட்டது.

"தண்ணி குடுக்கிறதிலை எனக்கு ஒண்டுமில்லை" என்றார். "புண்ணியம். இறைக்கிற மிசினைப் போட்டு இரண்டு ராங்கி நிரப்பி அனுப்பு. நானும் என்ரை முறையிலை பாதி தாறன்."

"அவை வந்து அள்ளப் போகினமாம் பெரியப்பா."

"அதுதான் ஏன்? வீட்டு வாசல்லை கொண்டுபோய் இறக்கிறம் எண்டுறம். சுகமாக் குடிக்கலாம். என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்து அள்ளோணும்?"

எனக்குப் பதில் தெரிந்தது. ஆனால் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் சைக்கிளில் முன்னுக்கு வைத்து என்னை ரியூசனுக்கு ஏற்றி இறக்கினவர். கேட்டதை விட இரண்டு மடங்கு தண்ணீர் தருகிறேன் என்கிறார். இவரை நல்லவர் என்பதா, வேறு என்ன என்பதா?

"அப்பிடித்தான் பெரியப்பா சொல்லிப்போட்டினம்" என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பெரியப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

மாரிமுத்து சேரிடம் இருந்து வேறு செய்தி வந்திருந்தது. பங்குனியில் இன்னொரு கூட்டம் வர ஆசைப்படுகிறதாம். தண்ணீருக்குள் நடக்க எந்த மாதிரிச் செருப்பு நல்லது என்று கேட்டிருந்தார். பதில் எழுத எடுத்தேன். எடுத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு வாளி

நேற்றுப் பின்னேரம். அப்பா தோட்டத்தால் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"சனிக்கிழமை எங்கடை முறை காலமை ஆறு மணிக்குத் தொடங்குது."

"ஓம் அப்பா."

"அவையை ஆறுக்கு வரச்சொல்லு. அஞ்சரைக்கு வந்து வாளியைப் போட்டால் அது அண்ணையின்ரை... பெரியப்பாவின்ரை முறை. அந்தாள் சண்டைக்கு வரும். வந்தால் நியாயமும் அந்தாளின்ரை பக்கம்தான்."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. மற்றவரின் முறைக்குள் கை வைக்கக் கூடாது என்று அப்பா என்னிடமும் இப்படித்தான் சொல்லுவார். பங்காளிக்குச் சொல்கிற அதே குரல்.

"பின்னை வெங்காயம்?" என்றேன்.

"வாடினால் வாடட்டும். பாதி தப்பும்."

சாரத்தை உதறிக்கொண்டு நாலடி நடந்தவர், திரும்பி நின்றார்.

"நாளைக்கு நெல்லியடிக்குப் போனால் புது வாளி ஒண்டு வாங்கிக்கொண்டு வா."

"ஏன் அப்பா?"

"இதிலை ஓட்டை" என்றார். போய்விட்டார்.

அவர் போனபிறகு வாளியை எடுத்து நிரப்பிக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். உடுப்புக் காய்ந்து முடியும்வரை அங்கேயே இருந்தேன். வாளிக்குக் கீழே ஒரு சின்ன ஈரம் இருந்தது. ஓட்டையால் கசிந்த ஈரமா, நான் தூக்கி வைக்கும்போது சிந்தியதா, சொல்லத் தெரியவில்லை. விரலால் அடியைத் தடவிப் பார்த்தேன். ஒரு நெளிவு இருக்கிறது. ஓட்டை இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஓட்டை இல்லையென்றால் புது வாளி யாருக்கு?

இன்றைக்குக் காலையில் வாளியை வாங்கி வந்துவிட்டேன். பழையதைப் போலவே அலுமினியம். வேண்டுமென்றே அதே அளவு. அம்மா கேட்டா, "பச்சை பிளாஸ்ரிக் இலேசெல்லே?" என்று. இதுதான் இருந்தது என்று பொய் சொன்னேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு வாளியையும் கிணற்றுக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். வசந்தி அக்கா கைக்கு எட்டியதை எடுத்து அள்ளட்டும்; அள்ளியது எதுவென்று ஈரமே சொல்லும். தண்ணீர் ஏற்றிய அவர்களின் உழவு இயந்திரம் ஒழுங்கை தாண்டிப் போனபிறகு அப்பா கால் கழுவ வருவார். அவ அள்ளிய வாளியை அவர் எடுக்கிறாரா, மற்றதை எடுக்கிறாரா என்று பார்க்க, காயப்போட உடுப்பே இல்லாவிட்டாலும், நான் அந்தக் கொடியடியில்தான் நிற்பேன்.